ஒரு வயதின் உயரம்

மார்ச் 3

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சிட்டும் சுகம்தானே? என்னைக் கேட்காதே. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை, இதைச் சுகம் என்று எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வேலை கிடைத்துவிட்டது! எங்கள் தையல் கம்பெனியிலேயே, ஆனால் மெஷினில் இல்லை. பிள்ளைகள் காப்பகம் திறக்கப் போகிறார்கள். மூன்று அறை. கைக்குழந்தைகளுக்கு ஒன்று, நடை பழகுகிறவர்களுக்கு ஒன்று, மூன்று வயது தாண்டிய பெரிய மனிதர்களுக்கு ஒன்று. அறைகளை அமைக்கிற பொறுப்பு என்னுடையது. வகுப்பில் வாயாடியதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட உன் தங்கையுடையது!

பயிற்சி முடிந்து ஒரு தரப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கைக்குழந்தைக்கு ஒரு ஆள். துணி மாற்றும் மேஜையருகே நின்றபடியே கை கழுவ ஒரு குழாய். பால் கலக்கும் இடம் அதற்கு எட்டாத தூரத்தில். தொட்டிலில் தலையணை கூடாது. தவழ்கிற பிள்ளைக்கும் வெளியே தெரிகிற மாதிரி தாழ்வான ஜன்னல். படிக்கப் படிக்க, இங்கே இதுவரை இதுகூட இல்லையே என்று வயிறு எரிகிறது. இதில் எது ஆடம்பரம், சொல்? குழாயா? ஜன்னலா?

நேற்று அறைக்குள் நாலு காலில் தவழ்ந்து பார்த்தேன். பிள்ளை கண்ணுக்கு என்ன தெரியும், எந்த ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அப்போது பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்னம்மா தொலைச்சீங்க?"

"ஒரு வயசை சார். இங்கதான் எங்கயோ இருக்கணும்."

பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்துக்குச் சண்டை போட்டேன். ஒரு பிள்ளை முதல் அடி வைப்பதை நாம் பார்த்துவிட்டால் அம்மாவிடம் சொல்லக் கூடாதாம். அவள் பார்ப்பதே முதல் அடியாக இருக்க வேண்டுமாம். "அப்ப பொய் சொல்லணுமா மேடம்?" என்றேன். "பொய் இல்லம்மா, வாயை மூடிக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானா! என் வாயில் எள் ஊறுமா அக்கா?

போனில் சொல்லலாம் என்றால் உன் வீட்டுப் போன் மாமாவோடு லாரியில் ஊர் சுற்றுகிறது. அதனால்தான் கடிதம். பதில் எழுது. சிட்டுக்கு ஒரு வயது ஆகப் போகிறதே, என்னென்ன செய்கிறாள் என்று ஒன்று விடாமல் எழுது.

தரையில் இல்லாத காலோடு,
உன் வாயாடி

மார்ச் 19

வாயாடித் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. சந்தோஷம் வந்தால் நீ பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும்.

மாமா போன வாரம் வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போனார். எனக்கு இங்கே குழந்தைச் சட்டைக் கம்பெனியில் அதே பேக்கிங் பிரிவில்தான் வேலை, மாறவில்லை. நான் போகும்போது சிட்டைத் தெருமுனை அம்மா பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் பிரிவில் நிறையப் பேர் அங்கேதான் விடுகிறோம். எனக்குக் கவலையே இல்லை. சிட்டு அவ்வளவு நல்ல பிள்ளை. வைத்த இடத்தில் இருப்பாள். அழுவதே கிடையாது. கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அறையில் கைக்குழந்தைகளைத் தரையில் விடுவீர்களா? அழுக்காகாதா? ஒரு பிள்ளை ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மேனேஜரிடம் வாயைக் குறை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

வாயைக் குறைக்கவில்லை. மற்றபடி நலம்.

தரையில் விடுவோமா என்றா கேட்டாய்? தரைதான் அவர்களுடைய பள்ளிக்கூடம்! விழித்திருக்கும் பிள்ளை தரையில் இருக்க வேண்டும். உருள, கவிழ, தவழ. தரையோடு ஒரு கண்ணாடி பதிக்கிறேன், கவிழ்ந்து கிடக்கிற பிள்ளை தலையைத் தூக்கினால் தன் மூஞ்சியையே பார்த்து மிரள வேண்டும். உட்கார்த்தி வைத்தால் கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அழுக்கா? அழுக்குக்குத்தானே குழாய்!

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ஷோகேஸ். சட்டை ஆர்டர் கொடுக்க வருகிற கம்பெனிக்காரர்கள் கண்ணில் படும்படி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார். சுவரில் யானை, கரடி, ஒரு பெரிய டிவி. ஆனால் கைக்குழந்தை அறைக்கும் தையல் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு கேட்டேன், முடியாது என்றுவிட்டார். ஒரே சுவர்தான் அக்கா! அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் பிள்ளை. பால் கொடுக்க வேண்டுமென்றால் அவள் மெயின் கேட் வழியாகக் கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். வந்து சேர்வதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

"கதவு வச்சா பொம்பளைங்க அடிக்கடி எந்திரிச்சுப் போவாங்கம்மா."

"அதுக்குத்தான் சார் கதவு."

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறார். விட மாட்டேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. நிற்கப் பழகுகிற பிள்ளை பிடித்து எழ சுவரில் ஒரு கம்பி வைக்க வேண்டும், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். புத்தகத்து அளவு வேறெங்கோ பிறந்த குண்டுப் பிள்ளைகளின் அளவாக இருக்கிறது. நான் சிட்டை அளவாக வைத்துக்கொள்ளப் போகிறேன்! ஒரு கயிற்றை எடு. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒரு முடிச்சு. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து நெஞ்சு வரை இன்னொரு முடிச்சு. அனுப்பு. என் அறையில் என் அக்கா மகளின் உயரம் இருக்கும்!

அவசரத்தோடும் ஆசையோடும்,
வாயாடி

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி.

கயிறு இதனுள் இருக்கிறது. இரண்டு முடிச்சும் போட்டிருக்கிறேன்.

அழாத பிள்ளையை உங்கள் ஆட்கள் கவனிப்பார்களா? அழுகிற பிள்ளையிடம்தானே எல்லோரும் ஓடுவார்கள்?

அக்கா

மே 6

என் தங்கமான அக்காவுக்கு,

நலம், நலம், நலமோ நலம்! கம்பி ஏறிவிட்டது!

தச்சர் உன் கயிற்றைச் சுவரில் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு, கம்பியை முடுக்கிவிட்டார். "ஏம்மா, உங்க அக்கா பொண்ணு ஒரு வயசுலயே மரம் ஏறுவா போல" என்றார். "எங்க குடும்பமே உசரம்" என்று பெருமையடித்துக்கொண்டேன். நாற்காலிகள் வந்துவிட்டன. அடடா, என்ன குட்டி! ஒன்றில் உட்கார்ந்து பார்த்து மாட்டிக்கொண்டேன், இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

மூன்று வயதுப் பெரியவர்கள் அறையில் கட்டை அடுக்குகிற மூலையை ஒரு கோடியிலும் புத்தக மூலையை மறுகோடியிலும் வைத்திருக்கிறேன். ஒருவன் கோட்டையை இடிக்கும்போது இன்னொருத்தி நிம்மதியாகப் படம் பார்க்க வேண்டுமே. விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் ஒரு அட்டைக் குழாய்க்குள் போட்டுப் பார்க்கிறேன். உள்ளே விழுந்தால் தொண்டைக்குள்ளும் விழும், உடனே குப்பைக்குப் போகும். ஷோகேஸ் ஆசையாக வாங்கிய பாதிச் சாமான் போய்விட்டது. டிவியையும் கழற்ற வைத்துவிட்டேன்!

அழாத பிள்ளையைப் பற்றிக் கேட்டாயே. நல்ல கேள்வி. பயிற்சி மேடம் சொன்னார்: அழுது பார்த்து யாரும் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளைதான் அழுவதை நிறுத்திவிடும், அதைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்று. அதனால்தான் மூன்று பேருக்கு ஒரு ஆள். நம் சிட்டு அப்படியில்லை, அவள் உன்னை மாதிரி பொறுமைசாலி.

ஆடிக்கொண்டே எழுதியதால் கையெழுத்து இப்படி,
வாயாடி

மே 24

அக்காவுக்கு,

நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் காணோம்.

இன்று ஒத்திகை பார்த்தோம். பட்டன் வைக்கிற பெண் ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள். சிட்டு வயதுதான், கொழுகொழுவென்று இருக்கிறான். நாற்காலி அச்சு வார்த்த மாதிரி பொருந்தியது. தரையில் விட்டால் கம்பியோ அவன் தலைக்கு மேலே! கையைத் தூக்கி எம்பிப் பார்த்தான், எட்டவில்லை, பொத்தென்று உட்கார்ந்து என்னை முறைத்தான். தச்சரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பேசாமல் கயிற்றை எடுத்து நீட்டினார். அளவு சரிதான். கயிற்றில் இருக்கிற உயரத்தில்தான் கம்பி இருக்கிறது.

கயிற்றை அவன் மேல் வைத்துப் பார்த்தேன், பிறகு புத்தகத்து அளவோடும் வைத்துப் பார்த்தேன். முழங்கால் முடிச்சு ஒரு வயதுப் பிள்ளையுடையது. நெஞ்சு முடிச்சு மூன்று வயதுப் பிள்ளையுடையது. இரண்டும் ஒரே உடம்பு இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே அக்கா. இரண்டாவது முடிச்சு யாருடையது?

தங்கை

ஜூன் 12

அக்காவுக்கு,

உன்னைத் திட்ட மாட்டேன். எதுவும் கேட்கவும் மாட்டேன். சிட்டு எப்படி இருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுது.

தங்கை

ஜூன் 30

தங்கச்சிக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்த முறை எழுதவில்லை.

அது பக்கத்து வீட்டுப் பையனுடைய நெஞ்சு. ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தி அளந்தேன்.

சிட்டைச் சுவரோரம் நிற்க வைத்துப் பார்த்தேன். கால் மடிந்து மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன் ஒரு நாள்கூட நான் அவளை நிற்க வைத்துப் பார்த்ததில்லை. எப்போது பார்ப்பது, சொல். அவள் தூங்கும்போது போகிறேன், தூங்கும்போது வருகிறேன்.

தெருமுனை அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை அறை, ஒற்றை ஆள், ஒரு டஜனுக்கு மேல் பிள்ளைகள். பக்கத்திலேயே அடுப்பு. தரையில் விட்டால் யார் யாரைப் பிடிப்பது? ஆளுக்கொரு அட்டைப் பெட்டி. துணி மடித்துப் போட்டு உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். பெட்டி எங்கள் கம்பெனிப் பெட்டிதான். நானே கொண்டுபோய்க் கொடுத்தது. பெட்டியின் மேல் "12 மாதம்" என்று சட்டை அளவு அச்சடித்திருக்கும். சரியான அளவு என்று அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நீ கண்ணாடி, ஜன்னல், கம்பி என்று எழுத எழுத, படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதினாய்! அதில் மண்ணைப் போட மனம் வரவில்லை. அழாத பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு பேனாவை எடுக்கவே முடியவில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே? நீ படித்திருக்கிறாய். பொய் சொல்லாமல் சொல்.

அக்கா

ஜூலை 5

அக்கா,

கடிதம் இன்று காலையில்தான் வந்தது, இன்றே எழுதுகிறேன். நாளைக்கே லீவு போடு. தர மாட்டேன் என்றால் போடா என்று சொல்லிவிட்டுப் போ. அரசு மருத்துவமனையில் குழந்தை டாக்டரிடம் காட்டு. இருந்ததை இருந்தபடி சொல். பெட்டியையும் சொல். வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை. பன்னிரண்டு மாதப் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் சட்டை மடிக்கச் சொல்லிவிட்டு, அதை மடிக்கிறவளின் பிள்ளைக்கு ஒரு பாய் விரிக்க இடம் வைக்காதவன் வெட்கப்படட்டும்!

மதியம் வரை ஒருவரிடமும் பேசவில்லை. நான் பேசவில்லை என்றதும் கேன்டீனே பயந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை, பெட்டியைச் சொன்னேன். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற ஒருத்தி, ஊசிப்பட்டாசு என்று பெயர் வைத்திருக்கிறோம், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "என் பையனோடது பதினெட்டு மாசப் பெட்டிக்கா. கொஞ்சம் வசதியான வீடு."

எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். அந்த மேஜையில் ஆளுக்கொரு பெட்டி இருந்தது அக்கா. நீ தனியாள் இல்லை.

பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதை அப்படியே எழுது.

உன் தங்கை

ஜூலை 18

வாயாடிக்கு,

போனேன். டாக்டரம்மா சிட்டின் காலை மடக்கி, நீட்டி, பாதத்தைத் தட்டி, முதுகைத் தடவிப் பார்த்தார்கள். எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கிறதாம்! மருந்து எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். "தரைதான் மருந்து. கீழ விடு, கூடவே இரு, பேச்சுக் கொடு. ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டா" என்றார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சிட்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன். நாள் முழுக்கத் தரையில் கிடக்கிறோம், நானும் அவளும். நேற்று அலமாரிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்குப் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன்.

லீவு எத்தனை நாளைக்கு ஓடும்? திரும்பவும் அந்த அறையில் விட என்னால் முடியாது. மாமாவும் அதையேதான் சொல்கிறார். உங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் ஆள் எடுக்கிறார்களா? அந்தக் கதவு என்ன ஆயிற்று?

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கக்கூட மூச்சு வாங்குகிறது. கேள் கதையை!

சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் காப்பகத்தைப் பார்க்க வந்தார்கள். காலையிலேயே ஷோகேஸ் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார், அறையில் ஒரு பிள்ளை இல்லை. பெயர் கொடுத்த ஒருத்தியும் கொண்டுவரவில்லை. தையல் கூடத்துக்கு ஓடினார்.

"பிள்ளைங்க எங்கம்மா?"

"வீட்ல சார்" என்றாள் ஊசிப்பட்டாசு, மெஷினை நிறுத்தாமல்.

"ஏன்? எல்லாம் ரெடியா இருக்கே!"

"கதவு இல்லையே சார்."

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சாம்பிள் ரூமில் சட்டை மாட்டி வைக்கிற குழந்தைப் பொம்மைகள் இருக்குமே, தலை இல்லாதவை, அவற்றைத் தொட்டிலில் படுக்க வைத்துக் கழுத்து வரை போர்த்திவிட்டார்! வந்திருந்தவர்களில் ஒரு அம்மா, தூங்குகிற பிள்ளையைப் பார்க்கலாம் என்று குனிந்து போர்வையை விலக்கினார். ஒரு அலறல்!

"தலை எங்கே?"

பொம்மைகளைத் தூக்கிவந்த ஊசிப்பட்டாசு முன்னால் வந்தாள். "இங்க கை இருந்தா போதுங்கம்மா. தலை யாரும் கேக்கறதில்ல."

நானும் சும்மா இருக்கவில்லை. தரப் புத்தகத்தைப் பிரித்து, தாய் பால் கொடுக்க நேரே வந்துபோக வழி வேண்டும் என்ற பக்கத்தை அந்த அம்மாவிடம் நீட்டி, சுவரைத் தட்டிக் காட்டினேன். அந்தப் பக்கமிருந்து அத்தனை பெண்களும் பதிலுக்குத் தட்டினார்கள். கட்டடமே தடதடவென்று அதிர்ந்தது!

அந்த வாரமே கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். முதல் கல் விழுந்தபோது விசில் அடித்தது யார் என்று மேனேஜர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். உனக்கு மட்டும் சொல்கிறேன், நான்தான்.

கம்பியைக் கழற்றித் தாழ்த்திவிட்டோம். பழைய ஓட்டைகள் மேலே தெரிகின்றன. பூசட்டுமா என்று தச்சர் கேட்டார், வேண்டாம் என்றேன். பேக்கிங்கில் ஆள் எடுக்கிறார்கள், உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். மாமா லாரியிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு வா. அட்டைப் பெட்டி மட்டும் வேண்டாம்.

வாசலில் நிற்கிறேன்,
வாயாடி

செப்டம்பர் 23, காலை

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நீ டேப் ஒட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவுக்கும் தினம் ஒரு சீட்டு எழுத வேண்டும் என்பது விதி, உனக்கும் எழுதுகிறேன். சாப்பாடு: ஒரு வாழைப்பழம், பாதி என் மேல். தூக்கம்: கொஞ்சம். அழுகை: மூன்று முறை, நல்ல சத்தமாக, மூன்று முறையும் ஆள் போனது. கம்பியைப் பிடித்து நிற்பது: வழக்கம்போல, கண்ணாடியில் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு.

"மற்றவை" என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் நான் எதுவும் எழுதவில்லை. ஒன்றும் இல்லை என்றும் எழுதவில்லை. ஊசிப்பட்டாசு வந்து, "ஏன்க்கா மூஞ்சி இப்படி வீங்கிப்போய் இருக்கு, பல் வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வாயை மூடிக்கொள்ளச் சொன்னதற்காகப் பயிற்சி மேடத்திடம் போட்ட சண்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மணி அடித்ததும் வா. கதவு திறந்திருக்கும். வந்ததும் பாய்ந்து தூக்கிவிடாதே. வாசலிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

வாயை மூடிக்கொண்டு,
உன் தங்கை